நாலடி மேலே போன குண்டு

அத்தியாயம் ஆறு

"என் குறி தப்பாதுன்னு இந்த ஊர்ல யாரைக் கேட்டாலும் சத்தியம் பண்ணுவாங்க. அதுவே எனக்கு வினையாப் போச்சு," என்றான் வெஸ் ப்ரூயிட், சிறைக் கம்பிக்கு அந்தப் பக்கத்திலிருந்து.

டாய்ல் பெக்கின் நாக்கு நுனியில் ஒரு பதில் தயாராக நின்றது. வயோமிங் மாட்டுச் சந்தைகளில் பல வருஷம் ஏலம் கூவியவன் அவன். கிழட்டு எருதைக்கூட இளங்காளை என்று விற்றுவிடுகிற வாய். சந்தை நொடித்த பிறகு அந்த வாயைத் துப்பறியும் ஐடா க்ரெய்கிடம் வாடகைக்கு விட்டிருந்தான். ஆனால் சொந்த அண்ணனைச் சுட்டுவிட்டு உட்கார்ந்திருக்கிறவனிடம் என்ன வேடிக்கை பேசுவது? பதிலை விழுங்கிவிட்டு ஐடாவைப் பார்த்தான்.

ஐடா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். இருபது வருஷத்துக்கு மேல் வனக் காவல் வார்டனாக இருந்து ஓய்வு பெற்றவள். வேலை போனாலும் பெயர் போகவில்லை. கார்ட்டர் ஃபோர்க் ஊரில் எல்லாருக்கும் அவள் இன்னும் வார்டன்தான்.

"திங்கக்கிழமை கோர்ட்ல குத்தத்தை ஒத்துக்கப் போறியாமே?"

"ஆமா, வார்டன்."

"வேணும்னு சுட்டியா?"

வெஸ் தன் வலது கையைப் புரட்டிப் பார்த்தான். "இல்லன்னுதான் நெனச்சேன். ஆனா நாலடி மேல போயிருக்கு. நான் நாலடி தப்பவிடற ஆளா? எனக்குத் தெரியாம இந்தக் கைக்கு வேற நெனப்பு இருந்திருக்கும்."

நடந்தது இதுதான். போன சனிக்கிழமை, எல்க் மான் வேட்டைக்குப் பருவம் திறந்த முதல் காலை. மலைமுகட்டுக்குச் சற்றுக் கீழே ஒரு கிடா மான் நின்றது. எதிர்ச் சரிவிலிருந்து நானூற்றைம்பது கஜ தூரத்தில் வெஸ் ஒரே ஒரு குண்டு சுட்டான். கிடா ஓடிவிட்டது. குண்டு அதன் முதுகுக்கு மேலே பறந்து, முகட்டையும் தாண்டி, அந்தப் பக்கம் ஏறி வந்துகொண்டிருந்த அண்ணன் ஆர்லோவின் மார்பில் பாய்ந்தது. வேறு யாராவது சுட்டிருந்தால் விபத்து என்று தொப்பியைக் கழற்றி வருத்தம் சொல்லியிருப்பார்கள். சுட்டவன் வெஸ். அவன் தவறவிட்டான் என்றால் வேண்டுமென்றேதான் தவறவிட்டிருக்க வேண்டும் என்பது ஷெரீஃப் பக்னரின் கணக்கு. முந்தின நாள் சாயங்காலம் அண்ணனும் தம்பியும் ஓட்டலில் மேஜையைத் தட்டிச் சண்டை போட்டதை ஊரே பார்த்திருந்தது. விபத்து கொலையாகிவிட்டது.

"சண்டை எதுக்கு?" என்றாள் ஐடா, தெரியாதவள்போல.

"எப்பவும் உள்ளதுதான். தோட்டா. கடையில விக்கிற 280 ரகத் தோட்டா போதும்னு நான். துப்பாக்கியில தோட்டா உக்கார்ற அறையைக் குடைஞ்சு பெருசாக்கி, தோட்டாவையும் மாத்திக்கிட்டா இன்னும் தூரம் போகும்னு அவன். அவன் துப்பாக்கி அப்படி மாத்தினது. பதினஞ்சு வருஷமா இதே பேச்சு. அன்னிக்கு 'உன் புண்ணாக்குத் தோட்டாவை நீயே வச்சுக்க'ன்னு கத்திட்டு எந்திரிச்சு வந்துட்டேன்."

"மறுநாள் காலையில பேசினானா?"

"காப்பி ஊத்திக் குடுத்தான். 'இன்னிக்கு முந்நூறு கஜத்துக்கு மேல சுடாதே'ன்னான்."

ஐடா கொறிக்க எடுத்த சூரியகாந்தி விதை வாய்க்குப் போகாமல் நின்றது. "ஆர்லோவா? அவன் அறுநூறு எழுநூறுன்னு அளக்கற ஆளாச்சே."

"அதான். என் தோட்டா அவ்வளவுதான் தாங்கும்னு குத்திக் காட்டறான்னு நெனச்சேன். அந்த வீம்புலதான் நானூத்தம்பதுல சுட்டேன்." வெஸ் முகத்தைத் துடைத்துக்கொண்டான். "அவன் பேச்சைக் கேட்டிருந்தா இன்னிக்கு இருந்திருப்பான். அதுக்காவது நான் உள்ள இருக்கணும், வார்டன். என்னை வெளிய எடுக்கப் பாக்காதீங்க. நெல்டாகிட்டயும் சொல்லிடுங்க."

நெல்டா அவன் மனைவி. ஐடாவை இந்த வழக்குக்குக் கூப்பிட்டவளே அவள்தான். காப்பாற்றச் சொல்கிறவள் ஒரு பக்கம், காப்பாற்றாதே என்கிறவன் ஒரு பக்கம். நடுவில் நின்ற டாய்லுக்குக் கையைப் பிசைவதைத் தவிர வேறு வழி தெரியவில்லை.

ஷெரீஃப் பக்னரின் அறையில் அடுப்பு கனன்றுகொண்டிருந்தது. மேஜைமேல் காலையில் பற்றவைத்த சுருட்டு பாதியில் அணைந்து கிடந்தது.

"துப்பாக்கி ஆய்வகத்துக்குப் போயிருக்கு. அறிக்கை வர ஒரு மாசம் ஆகும். ஆனா எதுக்கு? அவனே ஒத்துக்கறான்," என்றார் பக்னர்.

"அவன் சுட்ட எடத்துல காலித் தோட்டா கிடைச்சுதாமே. அதைப் பாக்கலாமா?"

"பாருங்களேன். ஊருக்கே காட்டியாச்சு."

பிளாஸ்டிக் உறைக்குள் ஒரு பித்தளைக் கூடு. ஐடா அதை ஜன்னல் வெளிச்சத்தில் உயர்த்திப் பிடித்தாள். பிறகு, வெஸ் வாங்கிய பெட்டியிலிருந்து சுடாத தோட்டா ஒன்றைக் கேட்டு வாங்கிப் பக்கத்தில் பிடித்தாள். ரொம்ப நேரம் அப்படியே நின்றாள்.

"அடியில 280ன்னு பொறிச்சிருக்கு. பெட்டியிலயும் 280. துப்பாக்கிக் குழாயிலயும் 280," என்றார் பக்னர். "இதுல ஜோசியம் பாக்க என்ன இருக்கு?"

"எல்லாரும் அடியைத்தான் பாத்தீங்களா?"

"வேற எதைப் பாக்கணும்?"

"ஒண்ணுமில்ல," என்று ஐடா இரண்டையும் மேஜையில் வைத்தாள். "நல்ல பித்தளை."

டாய்லுக்கு மூக்கு வேர்த்தது. வார்டன் ஒன்றுமில்லை என்றால் ஏதோ இருக்கிறது என்று அர்த்தம். வண்டியில் ஏறிக் கதவைச் சாத்துகிற வரை பொறுத்தான்.

"சொல்லிடுங்க. இல்லன்னா ஏலம் விட ஆரம்பிச்சுடுவேன்."

ஐடா வண்டியைக் கிளப்பினாள். காற்று பக்கவாட்டில் வந்து அறைந்தது. பனித்தடுப்பு வேலிகளை ஒட்டி நின்ற மான் கூட்டம் இவர்களைச் சட்டை செய்யவில்லை.

"தோட்டாவுக்குக் கழுத்து உண்டு, தோள் உண்டு. பாத்திருக்கியா?"

"எனக்கு இருக்கிற மாதிரியே. என்னைவிட ஒல்லி."

"கடையில விக்கிற 280க்குத் தோள் சரிஞ்சு இருக்கும். ஆர்லோ மாதிரி ஆளுங்க மாத்தின அறையில தோள் நிமிந்து இருக்கும், உடம்பும் கொஞ்சம் பருமன். கடைத் தோட்டாவை மாத்தின அறையில போட்டுச் சுடலாம். தப்பில்ல. வெடிக்கிறப்போ பித்தளை உப்பி அந்த அறையோட வடிவத்துக்கு வந்துடும். மஃபின் கேக் தட்டுல மாவு உப்பற மாதிரி. மாத்தின துப்பாக்கி வச்சிருக்கிறவங்க புதுக் கூடு செய்யறதே அப்படித்தான்."

"அந்தக் கூடு?"

"தோள் நிமிந்து நிக்குது."

டாய்ல் தன் தொடையில் ஓங்கி அறைந்தான். "அப்ப அது வெஸ் துப்பாக்கியில வெடிச்சதே இல்ல. அவன் துப்பாக்கி சாதா 280. ஆர்லோ துப்பாக்கி அவன் தோள்லயே தொங்கிட்டு இருந்துது, சுடவே இல்ல. அப்ப மூணாவதா ஒருத்தன். மாத்தின 280 வச்சிருக்கிற எவனோ ஒருத்தன், அந்த மேட்டுல. வார்டன், நெல்டாவுக்கு ஒரு போன் போட்டுச் சொல்லிடட்டுமா?"

"வேண்டாம்."

"சும்மா, நல்ல சேதின்னு மட்டும்."

"வேண்டாம், டாய்ல்."

அவள் குரலில் கொஞ்சம்கூடச் சந்தோஷமில்லை. டாய்ல் அதைக் கவனித்தான், கவனித்தும் ஒதுக்கிவிட்டான். ரொம்ப நாளைக்குப் பிறகு ஒரு நல்ல மனிதனைச் சிறையிலிருந்து கூட்டி வரப் போகிறோம் என்ற நினைப்பு அவனுக்கு வயிற்றில் பால் வார்த்தது. வழியெல்லாம் அந்த மூன்றாவது ஆளுக்கு முகமும் மீசையும் வைத்துப் பார்த்துக்கொண்டே வந்தான்.

இந்த வட்டாரத்தில் யாருக்கு அறை குடைய வேண்டுமானாலும் லாயிட் ஸோபோட்காவிடம்தான் வர வேண்டும். தகரக் கொட்டகை, கடைசல் இயந்திரம், சுவரெல்லாம் துப்பாக்கிகள், எந்நேரமும் பாடுகிற ரேடியோ. வேலையில் கெட்டிக்காரர். அதை நம்மைவிட அவர்தான் அதிகம் சொல்லுவார்.

"வா ஐடா. வாடா, சந்தை மாடு," என்றார் லாயிட், தலையைத் தூக்காமல்.

"மாடு வந்திருக்கு, விலை சொல்லுங்க," என்றான் டாய்ல்.

"தூக்கிப் பாத்து வாங்கற அளவுக்கு இல்ல."

ஐடா ஒரு முக்காலியில் உட்கார்ந்தாள். "என் 280ஐ மாத்திக்கலாம்னு யோசிக்கறேன், லாயிட். மாத்தினா லாபமா?"

லாயிட்டுக்கு இதைவிட இனிப்பான கேள்வி கிடையாது. திருப்புளியைக் கீழே வைத்தார். "நானூறு கஜத்துக்குள்ள சுடறவளா இருந்தா மாத்தாதே, காசுக்குக் கேடு. அதுக்கு மேலன்னா, கொஞ்சம் வேகம் கூடும், குண்டு கொஞ்சம் கம்மியாத் தாழும். அவசரத்துக்குக் கடைத் தோட்டாவையே போட்டுச் சுட்டுக்கலாம். ஓட்டல்ல பாதிப் பேரு அது வெறும் பம்மாத்துன்னுவான். மீதிப் பாதி அதுக்குக் கோயில் கட்டுவான். ரெண்டு பேருமே எங்கிட்டதான் வருவான்."

"குழாயைக் கழட்டித்தானே வேலை செய்வே?"

"கழட்டாம எப்படி? திருகுல ஒரு மரைச் சுத்து உள்ள தள்ளி, புதுசாக் குடைஞ்சு, திரும்ப முறுக்கணும். குறி பாக்கற ஸ்கோப்பையும் எடுத்து மாட்டணும்."

"பழைய குறி?"

"அது போச்சு. முதல்லேர்ந்து சுட்டுச் சரி பண்ணணும். இல்லன்னா எங்க போகும்னு கடவுளுக்குத்தான் தெரியும்."

"மாத்தினதுக்கு அடையாளமா குழாய் மேல முத்திரை குத்துவே, இல்லையா? நாளைக்கு எடுக்கறவனுக்குத் தெரியணுமே."

"கண்டிப்பா. அது தொழில் தர்மம்."

"எல்லாத் துப்பாக்கியிலயும்?"

"எல்லாத்துலயும்..." என்று ஆரம்பித்த லாயிட் அங்கேயே நின்றார். ரேடியோவில் யாரோ தானிய விலை படித்துக்கொண்டிருந்தான். லாயிட் கையை நீட்டி அதை அணைத்தார். மறுபடி திருப்புளியை எடுத்தார், வைத்தார்.

"ஒண்ணுல குத்தல," என்றாள் ஐடா மெதுவாக.

"ஆர்லோ கேட்டுக்கிட்டான், ஐடா. குத்தினா விளையாட்டு கெட்டுடும்னான்."

டாய்ல் வாயைத் திறந்தான். "யாரு துப்பாக்கி?" என்று கேட்கும்போதே பதில் அவனுக்குத் தெரிந்துவிட்டது. வழியெல்லாம் மீசை வைத்து வளர்த்த மூன்றாவது ஆள் அந்தக் கொட்டகையிலேயே செத்துப்போனான்.

"தம்பியோட பொறந்த நாளுக்குன்னான்," என்றார் லாயிட். பெருமை பேசும் குரல் எங்கேயோ போய்விட்டது. "பதினஞ்சு வருஷமா ஒத்துக்க மாட்டேங்கறான், அவன் துப்பாக்கியையே மாத்திடறேன், அவனுக்குத் தெரியாம. கடைத் தோட்டாவையே போட்டு இந்தப் பருவம் முழுக்கச் சுடட்டும். கடைசியில காலிக் கூட்டையெல்லாம் பொறுக்கி, தோளைப் பாருடான்னு அவன் முன்னாடி மேஜையில கொட்டுவேன்னான். நினைச்சு நினைச்சுச் சிரிச்சான். நானும் சிரிச்சேன். குறியை மட்டும் சரி பண்ணிடுன்னு நூறு தடவை சொல்லி அனுப்பினேன்."

"செய்தி கேட்டதும் ஏன் வரல?" என்றான் டாய்ல். தன் குரல் இவ்வளவு கடுமையாக வரும் என்று அவனே எதிர்பார்க்கவில்லை.

"வந்து என்னன்னு சொல்ல? முத்திரை குத்தாத துப்பாக்கியைக் குடுத்தது நான்னா?" லாயிட் தலையைக் குனிந்துகொண்டார். "ராத்திரி தூங்கலடா. சொல்லிடறேன். கோர்ட்ல வந்து சொல்லிடறேன்."

ஐடா எழுந்தாள். கதவு வரை போனவள் திரும்பினாள். "சொல்லி அனுப்பினேன்னியே. யார்கிட்ட? துப்பாக்கியைக் கொண்டுவந்தது ஆர்லோ இல்லையா?"

"அவன் எப்படி வெஸ் வீட்டு அலமாரியிலேர்ந்து எடுப்பான்? வெஸ் எண்ணெய்க் கிணத்து வேலைக்குப் போயிருந்தப்போ நெல்டாதான் கொண்டுவந்தா. போர்வையில சுத்தி, குழந்தையைத் தூக்கற மாதிரி. திரும்ப எடுத்துட்டுப் போனதும் அவதான்."

திரும்பி வரும்போது முதலில் டாய்ல்தான் பேசினான். பேசாமல் இருக்க அவனால் முடியவில்லை.

"ஆர்லோ கொண்டுவந்தான்னு லாயிட்டைச் சொல்லச் சொன்னா என்ன? செத்தவனுக்கு என்ன நஷ்டம்?"

"சத்தியம் பண்ணிட்டுப் பொய் சொல்லச் சொல்றியா?"

"ஒரு வார்த்தைதானே, வார்டன்."

"வெஸ் முட்டாள் இல்ல. ஆர்லோ எப்படி எடுத்தான்னு அவனே கேட்பான்." ஐடா பாதையைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. "சொல்லாம விட்டா அவன் கொலைகாரனா உள்ள கிடப்பான், தன் கையையே நம்பாம. சொன்னா வெளிய வருவான். நெல்டா கோர்ட்ல உக்காந்து இதைக் கேட்டுத் தெரிஞ்சுக்கக் கூடாது. முதல்ல அவகிட்ட சொல்லணும்."

"யாரு சொல்றது?"

ஐடா வண்டியைச் சிறைப் பக்கம் திருப்பினாள். எத்தனையோ துப்பு கண்டுபிடித்திருக்கிறார்கள், எத்தனையோ பேரை மாட்டிவிட்டிருக்கிறார்கள். கண்டுபிடித்ததைத் திரும்பத் தொலைத்துவிட முடியாதா என்று டாய்ல் ஏங்கியது அன்றைக்குத்தான்.

நெல்டா சிறை வாசலில் நின்றிருந்தாள். பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டுகிறவள். அந்த வேலைக்கான பச்சைச் சட்டையை மாற்றாமலே வந்திருந்தாள். கையில் சாப்பாட்டுப் பாத்திரம். வெஸ்ஸுக்குப் பிடித்த மிளகாய்க் கறி, கூட இரண்டு இலவங்கப்பட்டை ரொட்டிச் சுருள். தினமும் கொண்டுவருவாள், தினமும் முக்கால்வாசி திரும்பி வரும்.

"ஏதாவது கிடைச்சுதா?" என்றாள்.

ஐடா தொப்பியைக் கழற்றினாள். எதையும் கூட்டாமல் குறைக்காமல் சொன்னாள். கூட்டின் தோள், முகட்டைத் தாண்டின குண்டு, கழற்றி மாட்டின குழாய். போர்வையைப் பற்றி மட்டும் சொல்லவில்லை.

நெல்டாவின் முகத்தில் முதலில் வந்தது வெளிச்சம்தான். "அப்ப வெஸ் கை தப்பு பண்ணல."

"பண்ணல. அவன் மான் மேலதான் குறி வச்சான். துப்பாக்கிதான் வேற பக்கம் பாத்துது."

"கடவுளே," என்று பாத்திரத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். அந்த வெளிச்சம் கொஞ்சம் கொஞ்சமாக வடிந்ததை டாய்ல் பார்த்துக்கொண்டே நின்றான்.

"லாயிட் எங்கிட்ட சொன்னாரு," என்றாள் நெல்டா. "குறியைச் சரி பண்ணணும், ஆர்லோகிட்ட சொல்லிடுன்னு. சொன்னேன். நான் பாத்துக்கறேன்னு ஆர்லோ சொன்னான். அடுத்த ஞாயித்துக்கிழமையே வீட்டுக்கு வந்து, வாடா சும்மா சுட்டுப் பழகலாம்னு கூப்பிட்டான். வெஸ் மாட்டேன்னுட்டான். ஆகஸ்ட்லயே சரி பாத்தாச்சு, எதுக்குத் தோட்டாவை வீணாக்கணும்னான். ஆர்லோ என்னைப் பாத்துக் கண்ணடிச்சான். நான் சிரிப்பை அடக்கிக்கிட்டுப் பாத்திரம் கழுவிட்டு இருந்தேன்." அவள் குரல் தேய்ந்துவிட்டது. "ஒரு வார்த்தை, வார்டன். வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்."

"ஆர்லோவும்தான் சொல்லியிருக்கலாம்," என்றான் டாய்ல். "வெள்ளிக்கிழமை சண்டையிலயே சொல்லியிருக்கலாம். முந்நூறுக்கு மேல சுடாதேன்னு மூடி மறைச்சுச் சொன்னதை, காரணத்தோட சொல்லியிருக்கலாம். நெல்டா, கேளு. அவன்தான் அலமாரியிலேர்ந்து எடுத்தான்னு வச்சுக்குவோம். நீ ஊர்ல இல்ல, உனக்கு ஒண்ணும் தெரியாது. லாயிட்டை நான் பாத்துக்கறேன். இந்த வாயால எவ்வளவோ வித்திருக்கேன்."

ஐடா அவனைத் தடுக்கவில்லை. அதுவே டாய்லுக்குப் பயமாக இருந்தது.

"அண்ணனைப் புதைச்சாச்சு," என்றாள் நெல்டா. "இதையும் அவன் மேல போட்டு மூடணுமா? வாங்க உள்ள. நானே சொல்றேன்."

கம்பிக்கு அந்தப் பக்கம் வெஸ் கேட்டுக்கொண்டிருந்தான். ஐடா தோட்டாவைப் பற்றிச் சொல்லச் சொல்ல அவன் உடம்பு முன்னால் வளைந்தது. கூட்டின் தோள் நிமிர்ந்திருக்கிறது என்றதும் ஒரு சத்தம் எழுந்தது. சிரிப்பா அழுகையா என்று அவனுக்கே தெரிந்திருக்காது.

"படுபாவி. கடைசியில என் துப்பாக்கியையே மாத்திட்டானா?" கண்ணிலிருந்து நீர் தாரையாக ஓடியது. அவன் துடைக்கவில்லை. வலது கையைத் தூக்கி, விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி நீட்டிப் பார்த்தான். "அப்ப இது இல்ல. வார்டன், இது பண்ணல."

"பண்ணல, வெஸ்."

"நெல்டா, கேட்டியா? நான் இல்ல."

"கேட்டேன்," என்றாள் நெல்டா. கம்பி வழியே விரல்களை நீட்டினாள். அவன் அவற்றைப் பிடித்துக்கொண்டான், இத்தனை நாளில் முதல் தடவையாக. ஒரு வாரமாக அவன் முகத்தில் காணாத உயிர் திரும்பி வந்திருந்தது. டாய்ல் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டான். இத்தோடு நிறுத்திக்கொள் என்று யாரைக் கேட்டுக்கொண்டான் என்று அவனுக்கே தெரியாது.

வெஸ் மூக்கை உறிஞ்சிக்கொண்டு கேட்டான். வேடிக்கையாகத்தான் கேட்டான், அண்ணனின் குறும்பில் இன்னும் கொஞ்சம் தெரிந்துகொள்கிற ஆசையில்.

"ஆனா எப்படி எடுத்தான்? அலமாரிச் சாவி நம்ம ரெண்டு பேர்கிட்டதானே இருக்கு?"

வராந்தாவில் ஷெரீஃபின் பூட்ஸ் சத்தம் வந்து தேய்ந்தது.

"நான்தான், வெஸ்," என்றாள் நெல்டா. "நான்தான் லாயிட்கிட்ட கொண்டுபோனேன். குறியைச் சரி பண்ணணும்னும் எனக்குத் தெரியும்."

வெஸ் அவளைப் பார்த்துக்கொண்டே இருந்தான். கோபமாகக்கூடப் பார்க்கவில்லை. கம்பிக்கு அந்தப் பக்கம் இருந்த கை அவள் விரல்களை விட்டுவிட்டு மெல்ல மடிக்குப் போனது. நெல்டா தன் விரல்களை எடுக்காமல் அங்கேயே வைத்திருந்தாள்.

திங்கட்கிழமை அவன் வீட்டுக்கு வந்துவிடுவான். அதில் இனி யாருக்கும் சந்தேகமில்லை.